புகார் கொடுத்தது நான்தான்

சித்தையன்கோட்டையில் 2017 சித்திரைத் திருவிழாவின் இரண்டாம் நாள் ராத்திரி போலீஸ் வந்து மைக்செட்டைத் தூக்கிக்கொண்டு போனதே, அதற்குப் போன் போட்டது யார் என்ற பேச்சு எங்கள் தெருவில் இன்னும் ஓயவில்லை. போட்டது நான்தான்.

போன் போட்டது குற்றமா என்றால் இல்லை. சட்டம் முழுக்க என் பக்கம். மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவு வைத்திருக்கிறார்கள். திருவிழா மாதிரியான நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவுவரை விலக்கு கொடுக்கலாம். அதுவும் வருடத்துக்கு 15 நாளைத் தாண்டக்கூடாது. பேச்சுரிமை என்ற பெயரில் அடுத்தவர் காதில் ஒலிபெருக்கியைத் திணிக்க யாருக்கும் உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமும் 2005இல் தீர்ப்பு எழுதிவிட்டது. இத்தனையும் எனக்கு அத்துப்படி. விதி எண்ணைச் சொல்லித்தான் போனில் பேசினேன். எதிர்முனையில் இருந்தவர், "சார் வக்கீலா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

குற்றம் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. "எங்கப்பா நெஞ்சுவலி வந்தவரு, தூங்க முடியாம தவிக்கிறாரு" என்றேன். அந்த நேரத்தில் அப்பா கோயில் வாசலில், உறுமி அடிப்பவருக்கு நாலு முழம் தள்ளி, பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். தூக்கம் வேண்டியிருந்தது எனக்கு. மறுநாள் ராத்திரி திண்டுக்கல்லில் மைசூர் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். அதற்கடுத்த நாள் சாயங்காலம் பெங்களூரில் ஒரு கச்சேரி. காதைக் கிழிக்கும் கிட்டார் கச்சேரி. அங்கே போய் முன்வரிசையில் நிற்கத் தெம்பு வேண்டும் என்பதற்காக, இங்கே ஊர்ச் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன்.

அந்தக் கச்சேரி என்ன மாதிரி என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் யோக்கியதை முழுசாக விளங்காது.

ஷூகேஸ், போஸ்ட் ராக் என்று இரண்டு வகை. முதலாவது 1980களின் கடைசியில் இங்கிலாந்து, அயர்லாந்துப் பக்கம் கிளம்பியது. கிட்டார்காரர்கள் கூட்டத்தைப் பார்க்காமல், காலடியில் வரிசையாகக் கிடக்கும் எஃபெக்ட் பெடல்களைப் பார்த்துக் குனிந்தே நிற்பதால் பத்திரிகைக்காரர்கள் கிண்டலாக வைத்த பெயர் அது. கிட்டார் ஒலியை உடைத்து, எதிரொலிக்கவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிச் சுவராக நிறுத்துவார்கள். பாடுகிற குரல் அந்தச் சுவருக்குப் பின்னால் எங்கேயோ முனகும். மை பிளடி வேலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' (1991), ஸ்லோடைவின் 'சூவ்லாக்கி' (1993) ஆகிய ஆல்பங்களைக் கேட்டால் போதும், விஷயம் பிடிபட்டுவிடும். இரண்டாவது வகைக்குப் பெயரைப் பரப்பியவர் சைமன் ரெனால்ட்ஸ் என்ற விமர்சகர், 1994இல். ராக் குழுவின் அதே கிட்டாரும் டிரம்ஸும்தான். ஆனால் பெரும்பாலும் பாட்டு இருக்காது, பல்லவி இருக்காது. பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று ஒரே இழையை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போய் உச்சத்தில் உடைப்பார்கள். கிளாஸ்கோவின் மோக்வாய், மான்ட்ரியலின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர், டெக்சாஸின் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை ஆகியோர் இதில் பெரிய கைகள்.

இந்தியாவிலும் இதற்கு ஆட்கள் உண்டு. அகமதாபாத்தில் 2013இல் தொடங்கிய ஆஸ்வீகீப்சர்ச்சிங் குழு 'க்வாப்', 'ஸியா', 'ரூஹ்' என்று ஆல்பங்கள் போட்டது. பெங்களூரில் அண்டில் வி லாஸ்ட், இம்பாலில் லோ! பெனின்சுலா. 2015இல் மோக்வாயே என்.எச்.7 வீக்கெண்டர் விழாவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இந்த இசையைக் கேட்க வேண்டுமானால் ஹெட்போன்தான் கதி. மேடையில் பார்க்க வேண்டுமானால் பெங்களூருக்கு ரயிலேற வேண்டும். எனக்கு இதெல்லாம் கல்லூரி விடுதியில் ஒரு சீனியரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்து சேர்ந்தது. அதற்காக அந்தக் குழுக்களுக்கு நான் சல்லிக்காசு கொடுத்ததில்லை என்பதையும் இந்தக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.

இந்த இசையில் சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் பாதி போய்விடும். மை பிளடி வேலன்டைன் குழுவினர் 2008இல் மறுபடி ஒன்றுசேர்ந்து மேடையேறியபோது, வருகிறவர்களுக்கு வாசலிலேயே காதடைப்பான் கொடுத்தார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் ஒரே இரைச்சலைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கும் மேல் விடாமல் நீட்டுவது அப்போது அவர்கள் வழக்கம். அந்தக் குழுவின் கெவின் ஷீல்ட்ஸுக்குக் காதில் ரீங்காரம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பெருமையாக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை இது.

சொல்லித் திரிந்ததோடு நிற்கவில்லை, எழுதினேன். சத்தத்தின் அழகியல் என்று ஒரு சிற்றிதழில் நீளமான கட்டுரை. காதால் கேட்கிற எல்லையைத் தாண்டி உடம்பால் கேட்பது, நெஞ்செலும்பு அதிர்வது, தான் என்பது கரைவது என்றெல்லாம் அளந்திருந்தேன். நமக்கும் இதற்கும் உறவு உண்டு என்று காட்டத் தம்புராவை இழுத்தேன். அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்டே யங் ஒற்றைச் சுருதியை மணிக்கணக்கில் நீட்டி வாசித்தவர். 1970இல் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராகவே சேர்ந்தார். 60களில் அவர் குழுவில் இருந்த ஜான் கேல், பிறகு வெல்வெட் அண்டர்கிரவுண்டுக்குப் போய் வயோலாவில் அதே நீட்டலை ராக் பாட்டுக்குள் கொண்டுவந்தார். அங்கிருந்து ஷூகேஸுக்கு வழி நேராக வருகிறது. தகவலில் பிழையில்லை. ஆனால் தேர்வில் இருக்கிறது. தம்புரா என்று எழுதியவன், எங்கள் ஊர்க் கல்யாணங்களில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் நின்று கன்னம் உப்ப மூச்சு விடாமல் ஒத்து ஊதுகிறவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. உறுமி என்ற பேச்சே அந்தக் கட்டுரையில் கிடையாது.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

சித்தையன்கோட்டை பேரூராட்சி. செம்பட்டியிலிருந்து உள்ளே வர வேண்டும். ஆத்தூர் காமராஜர் அணை பக்கத்தில், நெல் வயலும் தென்னையுமாகச் சுற்றுப்புறம். பள்ளிவாசலும் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். திருவிழா நாட்களில்கூடப் பாங்கு சொல்லும் நேரம் வந்தால் மைக்செட் அண்ணன் யாரும் சொல்லாமலே செட்டை நிறுத்துவார், முடிந்ததும் போடுவார். ஊருக்குள் இப்படி எழுதாத விதிகள் நிறைய. 2000ஆம் ஆண்டு விதிகளைப் படித்தவனுக்கு இவை கண்ணில் படவில்லை.

மணி பத்தேமுக்கால் இருக்கும். பம்பையும் உறுமியும் சேர்ந்து ஏற ஆரம்பித்தன. மைக்கை உறுமிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். என் அறை ஜன்னல் கோயில் பக்கம். போனில் டெசிபல் அளக்கிற ஆப் ஒன்றைப் போட்டிருந்தேன், 78 காட்டியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. ஆதாரம் கிடைத்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கச்சேரிக்காக வாங்கிய ஃபோம் காதடைப்பான் ஒரு ஜோடி என் பையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துச் சொருகிக்கொண்டு படுத்திருக்கலாம். அல்லது செருப்பை மாட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய், "அண்ணே, கொஞ்சம் குறைச்சு வைங்கண்ணே, காலையில வேலை இருக்கு" என்றிருக்கலாம். அவர் குறைத்திருப்பார். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் வந்து சொன்னால் குழாயையே வேறு பக்கம் திருப்பிக் கட்டுகிற மனுஷன். நான் போகவில்லை. போய்ச் சொல்வது என்றால் கேட்கிற இடத்தில் நிற்க வேண்டும். போனில் என்றால் ஆணையிடுகிற இடத்தில் நிற்கலாம்.

உறுமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மற்றதன் தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அழுத்தம் கூடினால் சுருதி ஏறும். தளர்த்தினால் வழுக்கி இறங்கும். ஒரு சுரத்தில் அது நிற்பதே இல்லை. கெவின் ஷீல்ட்ஸ் கிட்டாரில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ட்ரெமோலோ கம்பியைக் கையிலிருந்து விடாமல், அதே கையால் தந்தியையும் மீட்டுவார். சுருதி சதா வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கலைப் பற்றி என் கட்டுரையில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அதுவே தோலில் நடந்துகொண்டிருந்தபோது நான் போலீஸுக்கு நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டும் ஒன்றுதான் என்று நிறுவி இன்னொரு கட்டுரை எழுதிப் பாவத்தைக் கழுவலாம். அந்த ஆசையும் வந்தது. அது இன்னொரு பொய். உறுமி சாமி இறங்குவதற்காக அடிப்பது. அதன் காரியம் வேறு. ஷூகேஸ் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவன் மட்டும் வருகிறான், கதவைச் சாத்திவிடுகிறார்கள். தெருவில் குழாய் கட்டினால் கேட்க விரும்பாதவன் காதிலும் விழும், நோயாளி வீட்டிலும் விழும். ராத்திரி 10 மணிக்குமேல் நிறுத்த வேண்டும் என்ற விதி நல்ல விதி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் விதிக்காகப் பேசவில்லை. அதே 78 டெசிபலில் அடுத்த வீட்டு மாடியில் யாராவது ஸ்லோடைவ் போட்டிருந்தால் போனை எடுத்திருக்க மாட்டேன். மாடியேறிப் போய்க் கைகொடுத்திருப்பேன்.

இதற்குப் பெயர் ரசனை என்று ரொம்ப நாள் நம்பினேன். நேர்மையாகச் சொன்னால் இதில் சாதியும் இருக்கிறது. உறுமி அடிக்க வருகிறவர்களை எந்த இடத்தில் உட்காரவைத்து, எந்தத் தட்டில் சோறு போட்டார்கள் என்று பார்த்துப் பழகித்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தோம். அந்தக் கை எழுப்புகிற ஒலியை இசை என்று சொல்ல எனக்கு வாய் வராததற்கும், கிளாஸ்கோவில் ஒருவன் பீர் குடித்துக்கொண்டு எழுப்புகிற ஒலியைத் தத்துவம் என்று சொல்ல வாய் வந்ததற்கும் காரணம் காதில் இல்லை.

போலீஸ் பதினோரு மணிக்கு மேல் வந்தது. மொட்டைமாடிக்குப் போய் நின்று பார்த்தேன். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் பேசிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு குழாயையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உறுமிக்காரர்கள் மைக் இல்லாமலே கொஞ்ச நேரம் அடித்துவிட்டுக் கட்டி வைத்தார்கள். மூன்றாம் நாள் நிகழ்ச்சி கேன்சல். உறுமிக்காரர்கள் வெளியூர், பேசின பணத்தில் பாதிதான் கொடுத்து அனுப்பினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மைக்செட் அண்ணனுக்கு அந்த ஒருநாள் வாடகை கிடைக்கவில்லை. ஸ்டேஷனுக்கு அலைந்த அலைச்சல் தனி. அப்பா திரும்பி வந்து, "எவனோ போன் போட்டுக் கெடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். நான் தூங்குவது மாதிரிக் கிடந்தேன். தூக்கம் வந்ததா என்றால், வந்தது. நன்றாகவே தூங்கினேன்.

பெங்களூர்க் கச்சேரி இந்திராநகரில், மாடியில் ஒரு ஹால். மேடையேறிய குழுக்களின் பெயர் இங்கே வேண்டாம்; இந்தக் கேவலத்தில் அவர்களுக்குப் பங்கில்லை, அருமையாக வாசித்தார்கள். முதலில் போஸ்ட் ராக். ஒரு கிட்டார் மட்டும் நாலு சுரத்தைத் திருப்பித் திருப்பி மெதுவாக மீட்டிக்கொண்டிருக்க, ஹால் முழுக்க மூச்சடக்கி நின்றது. பின்னால் பார் கவுண்டரில் யாரோ இருவர் பேசிச் சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்து, உதட்டில் விரலை வைத்தேன். இசைக்கு மரியாதை தெரியாத ஜனங்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் வேறு அலுத்துக்கொண்டேன். இரண்டு நாளைக்கு முன் ஒரு மேளத்தையே போலீஸை வைத்து நிறுத்தியவன் பேசுகிற பேச்சு.

அடுத்து ஷூகேஸ் குழு. மூன்று கிட்டார், ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பலகை, அதில் விளக்கு மின்னும் பெடல்கள். அவர்கள் ஆரம்பித்ததும் டம்ளரில் இருந்த தண்ணீர் நடுங்கியது. வழக்கம்போல ஆப்பைத் திறந்தேன். 107. போன் மைக் அந்த உயரத்தில் துல்லியமாக அளக்காது. ஆனாலும் 78க்கும் இதற்கும் நடுவே இருக்கிற தூரம் போனின் பிழையில் அடங்காது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், மேலே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100இல் கால் மணி நேரம்தான் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் போட்டிருக்கிற கணக்கு. 107க்கு அந்தக் கணக்கில் சுமார் மூன்று நிமிடம்தான் மிஞ்சும். நான் காதடைப்பானைப் பையிலேயே விட்டுவிட்டு முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திரையில் வந்த எண்ணைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன், கீழே ஒரு இதயம் போட்டு.

அதே போனில் 78 என்று காட்டிய படமும் இருந்தது. அதைப் புகாருக்கு ஆதாரமாக வைத்திருந்தேன். இரண்டு படமும் அடுத்தடுத்து இருந்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. உறைக்க இன்னொரு வருடம் ஆனது.

2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பெங்களூரில் பொதுக் கேளிக்கை இடங்களுக்குக் காவல்துறை உரிமம் கட்டாயம் என்று 2005இல் போடப்பட்ட ஆணை செல்லும் என்பது அதன் சாரம். அந்த ஆணை வந்த நேரத்தில் அதிகாரிகள் மனதில் இருந்தது பெண்கள் ஆடிப் பாடுகிற 'லைவ் பேண்ட்' பார்கள். கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளும் அதே வலையில் சிக்கினார்கள். கூடவே இந்திராநகர்க் குடியிருப்புவாசிகள், ராத்திரியெல்லாம் பப் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று வருடக்கணக்காகக் கொடுத்துவந்த புகார்களும் சூடு பிடித்தன. பல இடங்களில் நேரடி இசை நின்றது. அடுத்த வருடம் ஹம்மிங் ட்ரீ என்ற அரங்கமும் மூடப்பட்டது. 2013 முதல் தென்னிந்தியாவின் சின்னக் குழுக்களுக்கெல்லாம் படியளந்த இடம்.

தீர்ப்பு வந்த வருடமே எனக்கு ரத்தம் கொதித்தது. முகநூலில் நீளமாக எழுதினேன். இசையைச் சத்தம் என்று சொல்கிற மூடர்கள், போனை எடுத்துப் போலீஸைக் கூப்பிடுகிற கோழைகள், வந்து நேரில் பேசினால் குறைத்திருக்க மாட்டார்களா, ஒரு கலைஞனின் அன்றாடக் கூலி போகிறதே என்ற அக்கறை உண்டா? இப்படி. லைக் குவிந்தது. கீழே ஊர்க்காரப் பையன் ஒருவன், எனக்குத் தம்பி முறை, "அண்ணே நம்ம ஊரு திருவிழாவுலயும் போன வருசம் இதே கதைதான்ணே" என்று கமெண்ட் போட்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது, ஆதரவாகத்தான் போட்டான். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் நான் எழுதிய ஒவ்வொரு வசவும் திரும்பி வந்து யார் மேல் விழுகிறது என்று தெரிந்துவிட்டது. என்ன செய்தேன்? அவன் கமெண்ட்டை அழித்தேன். பதிவை அழிக்கவில்லை.

இதுவரை சொன்னது கபடம். இனிச் சொல்வது அதைவிட மோசம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். திருவிழாவுக்கு முன்னால் நடந்த கமிட்டிக் கூட்டத்தில், "பத்து மணிக்கு நிறுத்திருவோம்ப்பா, பெரியவங்க இருக்கற தெரு" என்று எல்லோர் முன்னிலையிலும் எழுந்து பேசியவர். பேச வேண்டியதைப் பேச வேண்டிய இடத்தில் பேசினார். அதனாலேயே பழி அவர் தலையில் விழுந்தது. அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது டீக்கடையில் பேச்சு ஓடியது. "வாத்தியார்தான் போட்டு விட்டிருப்பாரு, அன்னிக்கே பேசினாருல்ல" என்றார் ஒருவர். என் முகத்தைப் பார்த்து, "என்ன தம்பி?" என்று கேட்டார். நான், "இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு சந்தேகம் முடிவாகிவிட்டது. படித்த பையனே சொல்லிவிட்டானே. மறுவருடம் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்க வந்தவர்கள் அவர் வீட்டுப் படியேறவில்லை. வரி கேட்காமல் விடுவது என்றால் என்ன அர்த்தம் என்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரே கமிட்டிக்காரர் வீட்டுக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு போனாராம். "பரவால்ல சார், வைங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அம்மா இதைப் போனில் சொன்னபோது, "பாவம்" என்றேன். அம்மாவும், "பாவந்தான்" என்றார்.

மைக்செட் அண்ணனிடம் உண்மையைச் சொன்னது ரொம்பத் தாமதமாக. இடையில் தங்கச்சி கல்யாணத்துக்கு அவர்தான் செட் போட்டார். அப்போதும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அவர் கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கர் கோனுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார். தலையை நிமிர்த்தவில்லை. "ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி எடுக்கப் போனப்பவே ஏட்டு சொல்லிட்டாரு. உங்க ஊரு பெங்களூர்த் தம்பி விதியெல்லாம் பேசுதேய்யான்னு."

"அப்புறம் ஏண்ணே யார்ட்டயும் சொல்லல?"

"உங்க வீட்டுல அப்ப ரெண்டு விசேஷம் பாக்கி இருந்துச்சு. சொன்னா செட்டு வேற எவனுக்காச்சும் போயிரும்ல?"

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கடைக்கு வாடகை கொடுக்கிறவர் போடுகிற கணக்கு அது. அதில் மன்னிப்பும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வாத்தியார் பேரு கெட்டுப் போச்சேண்ணே" என்றேன்.

"அத நான் எப்படித் தம்பி சொல்றது? நீங்கதான சொல்லணும்."

அந்த ஒருநாள் வாடகையைக் கொடுக்கிறேன் என்று பர்ஸை எடுத்தேன். அன்றைக்கு நான் கச்சேரிக்குச் செலவழித்ததைவிடக் குறைந்த தொகைதான். வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று மறுப்பார், நான் வற்புறுத்துவேன், இருவரும் கண் கலங்குவோம் என்று மனதுக்குள் ஒரு காட்சி வைத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அங்க பெங்களூர்ல சின்ன ஹாலுக்கு எத்தனை வாட்ஸ் போடுறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சத்தத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவனுக்கு, அதை எழுப்புகிற பெட்டிக்கு எத்தனை வாட்ஸ் என்று தெரியவில்லை.

உறுமிக்காரர்களை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கமிட்டியில் விசாரித்தால் எந்த ஊர், யார் என்று சொல்லிவிடுவார்கள். ஏன் கேட்கிறாய் என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு இத்தனை நாள் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

தலைமையாசிரியரிடமும் இன்னும் சொல்லவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால், "எப்பப்பா வந்த?" என்று முன்போலவே கேட்கிறார். "நேத்து வந்தேன் சார்" என்கிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்பில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். இந்த இதழைச் சித்தையன்கோட்டையில் சந்தா கட்டி வாங்குகிறவரும் அவர்தான். என் பெயர் வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கட்டுரையை ஆசிரியருக்கு அனுப்பும்போதே எந்தத் தேதியில் இதழ் வெளியாகும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தத் தேதிக்குள் நான் ஊருக்குப் போய், அவர் வீட்டுப் படியேறி, என் வாயால் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு கமிட்டிக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால், எதிரே நிற்காமல் எட்ட இருந்து நான் கொடுத்த இரண்டாவது தகவலாக இதுவும் ஆகிவிடும்.